குவெஸ்ட் 3எஸ், பழைய குவெஸ்ட் 2, பிக்கோ 4: நம் வீட்டுக்கு எந்த விஆர் ஹெட்செட்?

கம்ப்யூட்டர் வேண்டாம், போனை உள்ளே சொருகவும் வேண்டாம், தலையில் மாட்டினால் தானே ஓடும். கண்முன் ஒரு மாய உலகத்தையே காட்டும் இந்த ரக விஆர் (விர்ச்சுவல் ரியாலிட்டி) ஹெட்செட்டில் நடுத்தரக் குடும்பம் யோசித்துப் பார்க்கிற விலையில் இருப்பவை நாலே நாலுதான்: மெட்டாவின் குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3, குவெஸ்ட் 3எஸ், அப்புறம் பிக்கோ 4. காட்பாடியில் படிக்கும் அக்கா பையன் போன மாதம் கேட்டான்: "மாமா, குவெஸ்ட் 2 செகண்ட் ஹேண்ட்ல பாதி விலைக்கு வருது. வாங்கிடலாமா, இல்ல இன்னும் கொஞ்சம் காசு சேத்து 3எஸ் போய்டலாமா?" அவனுக்குப் போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் கேட்டால் ஏழெட்டுப் பேருக்கு மெட்டா குவெஸ்ட் 3எஸ் புதிதாக வாங்குவதுதான் சரி. படம் பார்க்கத்தான் முக்கியமாக வேண்டும், அல்லது லேப்டாப் திரையைப் பெரிதாக்கி எழுத்து படிக்க வேண்டும் என்றால் குவெஸ்ட் 3. வீட்டில் நல்ல கேமிங் கம்ப்யூட்டர் இருந்து, ஐரோப்பாவிலிருந்து வரும் உறவினர் யாராவது மலிவாகக் கொண்டுவந்து தந்தால் பிக்கோ 4. குவெஸ்ட் 2 கடைசி. அதையும் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைக்கும் போன் பெட்டிகளை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஜியோ 2023-இல் ஐபிஎல் நேரத்தில் 1,299 ரூபாய்க்கு விட்ட ஜியோடைவும் அந்த ரகம்தான். உள்ளே திரை கிடையாது, சிப் கிடையாது, நம் போன்தான் எல்லாம். தலையைத் திருப்பினால் காட்சி திரும்பும். ஆனால் ஓரடி முன்னே வைத்தால் காட்சி அப்படியே நிற்கும். கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்ல, கொஞ்ச நேரத்தில் குமட்டல் வரும். இதே மெட்டா, அப்போது ஃபேஸ்புக், 2018-இல் 199 டாலருக்கு விட்ட ஓக்குலஸ் கோ தனித்தே இயங்கினாலும் இதே குறை அதற்கும் உண்டு. 2020-இல் அதன் விற்பனையையே நிறுத்தினார்கள். பழைய பொருள் விற்கும் தளங்களில் சல்லிசாக ஏதாவது கண்ணில் பட்டால் அது கோ-வா, குவெஸ்டா என்று பெயரை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி விலை. குவெஸ்ட் 3எஸ் 2024 அக்டோபரில் வந்தபோது 128 ஜிபி 299 டாலர், 256 ஜிபி 399 டாலர். அதற்கு ஓராண்டு முன்பு வந்த குவெஸ்ட் 3-க்கு 128 ஜிபி 499 டாலர். பிறகு 512 ஜிபி மாடலையே அந்த விலைக்கு இறக்கினார்கள். பிக்கோ 4 ஐரோப்பாவில் 2022-இல் 429 யூரோவுக்கு வந்தது. வந்தபோது இருந்த அந்த விலையை, டாலர் 88 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 3எஸ் 26,000 சொச்சம், குவெஸ்ட் 3 ஏறக்குறைய 44,000. ஆனால் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அமெரிக்க விலையில் அந்த ஊர் விற்பனை வரியே சேர்ந்திருக்காது. இங்கே வரும்போது சுங்கம், ஜிஎஸ்டி, கொண்டுவருபவரின் லாபம் எல்லாம் ஏறும். இறக்குமதி செய்து விற்பவர்களிடம் விலை ஆளுக்கு ஆள் மாறும். அதனால் விலையோடு சேர்த்து "ரிப்பேர் என்றால் யாரிடம் வரணும், பில்லில் எழுதித் தருவீர்களா" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அங்கே இரண்டாயிரம் குறைந்தாலும் வேண்டாம். வேலூரில் இதைப் பிரித்துப் பார்க்கும் ஆளைத் தேடுவதைவிட ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போவது சுலபம். அங்கேயும் ஸ்பேர் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

விளம்பரத்தில் சிப், ஜிபி என்றுதான் பெரிய எழுத்தில் போடுவார்கள். நான் முதலில் பார்ப்பது லென்ஸ். 3எஸ்-இலும் குவெஸ்ட் 2-இலும் இருப்பது ஃப்ரெஸ்னல் லென்ஸ். எவர்சில்வர் தட்டின் அடியில் கடைசல் போட்ட வட்ட வட்டக் கோடுகள் தெரியுமே, அதுபோல லென்ஸின் மேல் மெல்லிய வளையங்கள் இருக்கும். நடுவில் நேராகப் பார்க்கும்வரை குறையொன்றும் தெரியாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் எழுத்தைச் சுற்றி ஒளி சிதறும்; படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது நன்றாகவே தெரியும். கண்ணை மட்டும் ஓரத்துக்கு உருட்டினால் மங்கும், தலையோடு திரும்ப வேண்டும். குவெஸ்ட் 3-இலும் பிக்கோ 4-இலும் இருப்பது பேன்கேக் லென்ஸ். வெளிச்சத்தை உள்ளேயே மடித்து அனுப்புவதால் பெட்டி மெலிதாக இருக்கும், ஓரம் வரைக்கும் தெளிவாகவும் இருக்கும்.

திரையிலும் வித்தியாசம் உண்டு. 3எஸ்-இல் ஒரு கண்ணுக்கு 1832-க்கு 1920 புள்ளிகள். குவெஸ்ட் 2-இலும் அதே எண்ணிக்கைதான், இதில் முன்னேற்றமே இல்லை. குவெஸ்ட் 3-இல் 2064-க்கு 2208. பார்வைப் பரப்பு 3எஸ்-இல் கிடைமட்டமாக 96 டிகிரி, குவெஸ்ட் 3-இல் 110. விளையாட்டில் வாள் வீசிக்கொண்டிருக்கும்போது இந்த வித்தியாசத்தை மனசு மறந்துவிடும். எக்ஸெல் ஷீட்டைத் திறந்தால் மறக்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் அதிகப் புள்ளிகளுக்குக் காசு கொடுப்பது வீண். குடியாத்தத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குக் காசியைக் காட்ட வேண்டும் என்று யூடியூபின் 360 டிகிரி வீடியோவுக்காக வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். அதில் 4கே என்று போட்டிருந்தாலும் அந்த 3,840 புள்ளிகளும் தலையைச் சுற்றி முழு வட்டத்துக்கும் பங்கு போட்டது. உங்கள் கண்முன் இருக்கும் 96 டிகிரிக்கு வந்து சேர்வது ஆயிரத்துச் சொச்சம்தான். படித்துறையில் நிற்பவர் முகம் மங்கலாகத் தெரிந்தால் அது ஹெட்செட்டின் குற்றமில்லை, அந்த வீடியோவில் இருப்பதே அவ்வளவுதான். எனவே இதற்கு 3எஸ் போதும். 8கே-இல் எடுத்த வீடியோவாகத் தேடிப் போட்டுக் காட்டுங்கள். பெரியம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டுங்கள், நிற்க வைக்காதீர்கள்.

அடுத்தது, பலர் கேட்டே இராத ஒரு அளவு. இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் உள்ள தூரம். லென்ஸின் மையமும் கண்மணியும் நேர்கோட்டில் வராவிட்டால் எவ்வளவு நல்ல ஹெட்செட்டும் மங்கலாகத் தெரியும், கண் வலிக்கும். 3எஸ்-இலும் குவெஸ்ட் 2-இலும் இதற்கு மூன்றே நிலைகள்: 58, 63, 68 மில்லிமீட்டர். குவெஸ்ட் 3-இல் அடியில் ஒரு சக்கரம் இருக்கிறது. 58 முதல் 71 வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்; 53 முதல் 75 வரை உள்ளவர்களுக்கு அது ஒத்துவரும் என்கிறது மெட்டா. பிக்கோ 4-இல் சின்ன மோட்டார் லென்ஸை நகர்த்தும், ஆனால் 62-இலிருந்து 72 வரைதான். பெண்கள் பலருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் 60-க்குக் கீழே இருக்கும். அவர்களுக்குப் பிக்கோ ஒத்துவராது. வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றிப் போட வாங்குகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே பிக்கோவை விட்டுவிடலாம்.

அளப்பது சுலபம். மூக்குக்கண்ணாடி போடுகிறவராக இருந்தால் கடையில் கண்ணாடி செய்யும்போதே இந்த அளவை எடுத்திருப்பார்கள். 'பிடி எவ்வளவு' என்று கேட்டால் சீட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இல்லையென்றால் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்று ஸ்கேலைப் புருவத்தை ஒட்டிப் பிடியுங்கள். வலது கண்ணை மூடி, இடது கண்மணியின் நடுவில் சுழியம் வருமாறு வையுங்கள். ஸ்கேலை அசைக்காமல் இடது கண்ணை மூடி வலது கண்ணைத் திறந்து, அந்தக் கண்மணியின் நடுவில் எத்தனையாவது மில்லிமீட்டர் கோடு நிற்கிறது என்று பாருங்கள். 58, 63, 68 இவற்றில் ஒன்றுக்கு இரண்டு மில்லிமீட்டருக்குள் வந்தால் 3எஸ் பற்றிக் கவலை வேண்டாம். அக்கா பையனுக்கு 64 வந்தது. 72, 73 என்று வருகிறவர்கள் 3எஸ்-இல் காசைப் போடாமல் குவெஸ்ட் 3-க்குக் காத்திருக்கலாம்.

சரி, சிப்புக்கு வருவோம். 3எஸ்-இலும் குவெஸ்ட் 3-இலும் ஒரே ஸ்னாப்டிராகன் எக்ஸ்ஆர்2 ஜென் 2, ஒரே 8 ஜிபி ரேம். ஆகவே இதில் ஓடும் விளையாட்டு அதிலும் ஓடும். குவெஸ்ட் 2-இலும் பிக்கோ 4-இலும் இருப்பது முந்தைய தலைமுறை சிப். இப்போதே சில புதிய விளையாட்டுகள் 3, 3எஸ் இரண்டுக்கு மட்டும் என்று வருகின்றன. 2024-இல் வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் ஷேடோ' அப்படித்தான். குவெஸ்ட் 2 பாதி விலைக்கு வருகிறது என்பதன் காரணத்தில் பாதி இதுதான்.

மீதிப் பாதிக்கு நம் ஊர் வெயில் காரணமாகலாம். சத்துவாச்சாரியில் ஒருவர் வீட்டில் விற்பனைக்கு இருந்த குவெஸ்ட் 2-ஐப் பார்க்கப் போயிருந்தோம். பெட்டி புதுசு போலவே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. மாட்டிக்கொண்டு பிரவுசரில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். இடது கண்ணில், நடுவுக்குச் சற்று மேலே, மஞ்சளும் பழுப்புமாக ஒரு கீற்று. மேற்குப் பார்த்த ஜன்னலில் லென்ஸ் மேலே தெரியும்படி மல்லாக்க வைத்திருக்கிறார்கள். சாயங்கால வெயில் லென்ஸ் வழியாகக் குவிந்து திரையைப் பொசுக்கிவிட்டது. சூரியன் நகர நகரச் சூடு பட்ட இடமும் நகர்ந்ததால்தான் புள்ளியாக இல்லாமல் கீற்றாக இருந்தது. இதற்கு வைத்தியம் கிடையாது, திரையையே மாற்ற வேண்டும். வாரண்டியிலும் வராது. கத்திரி வெயிலில்தான் இப்படி ஆகும் என்றில்லை, மார்கழி வெயிலே போதும். வாங்கிய அன்றே லென்ஸுக்கு ஒரு மூடி போடுங்கள். பழைய கைக்குட்டையை மடித்து வைத்தாலும் சரி.

பழசு வாங்கப் போனால் வெள்ளைப் பக்கம், கறுப்புப் பக்கம் இரண்டையும் திறந்து பாருங்கள். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் குச்சியைத் தொடாமல் விட்டு, காட்சி தானாக நகர்கிறதா என்று கவனியுங்கள். விற்பவர் தன் கணக்கிலிருந்து ஹெட்செட்டை நீக்கி, உங்கள் கண்முன்னே ரீசெட் செய்து தர வேண்டும். அப்படிச் செய்யாமல் வந்தால் அது உங்கள் பேரில் திறக்காது. முகத்தில் படும் ஸ்பான்ஜையும் பாருங்கள். குவெஸ்ட் 2-உடன் முதலில் வந்த ஸ்பான்ஜ் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கியதால் 2021-இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் ஸ்பான்ஜ்களுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது; மேலே போட சிலிக்கான் உறையை இலவசமாகத் தந்தார்கள். அந்த உறை கூட வருகிறதா என்று கேளுங்கள். அரிப்பு வராதவர்களுக்கும் நம் ஊரில் உறை தேவை. ஏப்ரல், மே மாதத்தில் வியர்வை ஸ்பான்ஜில் ஊறி இரண்டே நாளில் நாற ஆரம்பிக்கும். சிலிக்கானைக் கழுவித் துடைத்துவிடலாம். பேட்டரிக்கும் இந்தச் சூடு ஆகாது. காரில் வைத்துவிட்டுக் கோட்டைக்குள் சுற்றப் போகிற வேலையெல்லாம் வேண்டாம்.

பிக்கோ 4 பற்றி நியாயமாகச் சில நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். டிக்டாக்கை நடத்தும் பைட்டான்ஸின் தயாரிப்பு. பேட்டரியைப் பின்மண்டைப் பக்கம் வைத்திருக்கிறார்கள். மொத்த எடை 586 கிராம், குவெஸ்ட் 3எஸ்-இன் 514 கிராமைவிட அதிகம்தான். ஆனாலும் முன்னால் மட்டும் இழுக்காததால் கழுத்துக்கு இதமாக இருக்கும். குவெஸ்டில் எல்லாப் பாரமும் மூக்கு மேலே. திரை ஒரு கண்ணுக்கு 2160-க்கு 2160. படம் பார்க்க நன்றாக இருக்கும். சிக்கல் கடையில்தான், அதாவது அதன் ஆப் ஸ்டோரில். பாட்டுக்கேற்ப வாள் வீசிக் கட்டைகளை வெட்டும் பீட் சேபர் விளையாட்டைப் பார்த்து மயங்கித்தான் பலர் விஆர் வாங்குகிறார்கள். அது பிக்கோவில் கிடையாது. அதைச் செய்த நிறுவனத்தை 2019-இலேயே இப்போதைய மெட்டா வாங்கிவிட்டது, போட்டிக்காரனுக்கு எப்படிக் கொடுக்கும்? கம்ப்யூட்டரில் ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில் வாங்கிப் பிக்கோவுக்கு வயர்லெஸ்ஸில் அனுப்பி விளையாடலாம். அதனால்தான் கேமிங் கம்ப்யூட்டர் இருப்பவர்களுக்கு மட்டும் என்றேன். 2024-இல் வந்த பிக்கோ 4 அல்ட்ரா வேகமானது, ஆனால் 599 யூரோ. நாம் பேசும் பட்ஜெட்டில் அது வராது.

கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பி விளையாட 5 கிகாஹெர்ட்ஸ் ரௌட்டர் வேண்டும், கம்ப்யூட்டரை அதில் கேபிளால் இணைக்க வேண்டும், ஹெட்செட்டும் அதே அறையில் இருக்க வேண்டும். ஹாஸ்டல் பையன்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். பொது வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பது வழக்கம். அவர்கள் நல்ல யுஎஸ்பி 3 கேபிள் ஒன்று வாங்கி லேப்டாப்பில் நேராகச் சொருகிக்கொள்ளலாம். அப்புறம், விளையாட்டுகள் ஒவ்வொன்றும் ஜிபி கணக்கில் இறங்கும். போன் ஹாட்ஸ்பாட்டை நம்பினால் ஒரு நாள் டேட்டா ஒரே விளையாட்டுக்குச் சரியாகிவிடும்.

இடம் எவ்வளவு வேண்டும்? நின்று நகர்ந்து விளையாட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடிக்கு ஆறரை அடி காலி இடம் வேண்டும் என்கிறது மெட்டா. ஹாலில் சோபாவையும் டீப்பாயையும் தள்ளினால் இது கிடைத்துவிடும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கன்ட்ரோலரால் தரையில் எல்லைக்கோடு போட்டுக்கொண்டால் தாண்டும்போது ஹெட்செட் எச்சரிக்கும். ஆனால் அந்தக் கோட்டுக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் சீலிங் ஃபேன் அதற்குத் தெரியாது. உயரமான பையன் கையைத் தூக்கி வெட்டினால் கன்ட்ரோலர் ஃபேனில் போய்ப் படும். தாழ்வான கூரையுள்ள வீடுகளில் டேபிள் ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள். மொட்டை மாடி காலியாகத்தானே இருக்கிறது என்று பகலில் மாடி ஏறாதீர்கள். லென்ஸ் கதை மேலே சொன்னேன், வெயிலில் கேமராக்களுக்கும் கண் கூசி இடம் தெரியாமல் போகும். ராத்திரி இருட்டிலும் அந்தத் தொல்லை வரலாம்.

128 ஜிபியா 256-ஆ? இவற்றில் எதிலும் மெமரி கார்டு போட முடியாது. படங்களை இறக்கி வைத்துப் பார்க்கிறவர்கள் 256 வாங்கட்டும். மற்றவர்கள் 128 வாங்கி, மிச்சத்தில் நல்ல தலைப்பட்டை வாங்குவது மேல். கூடவே வரும் துணிப்பட்டை அரைமணி நேரத்துக்கு மேல் தாங்காது. 3எஸ் கன்ட்ரோலருக்கு ஒவ்வொன்றிலும் ஒரு ஏஏ பேட்டரி. ரீசார்ஜ் செய்கிற நாலு செல் வாங்கி வைத்தால் லாங்கு பஜாருக்கு ஓட வேண்டியதில்லை. ஹெட்செட்டின் சொந்த பேட்டரி எல்லா மாடலிலும் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் வரும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது நல்லதே. 3எஸ்-இல் 3.5 மிமீ ஹெட்போன் துளை கிடையாது. குவெஸ்ட் 3-இல் உண்டு. பிள்ளைகளைப் பொறுத்தவரை மெட்டா பத்து வயதுக்குக் கீழே அனுமதிப்பதில்லை. பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெற்றோர் கணக்கின் கீழ்தான். அண்ணன் கணக்கில் எட்டு வயதுத் தம்பி விளையாடுவதை எந்த மென்பொருளும் தடுக்காது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் நல்லது வருமே, காத்திருக்கலாமா என்றும் அக்கா பையன் கேட்டான். வால்வ் நிறுவனம் 2025 நவம்பரில் ஸ்டீம் ஃப்ரேம் என்று ஒன்றை அறிவித்தது. பேன்கேக் லென்ஸ், கம்ப்யூட்டரிலிருந்து கம்பியில்லாமல் அனுப்பத் தனிக் கருவி எல்லாம் உண்டு. ஆனால் 299 டாலர் ஆளைக் குறிவைத்துச் செய்தது இல்லை. சாம்சங்கின் கேலக்ஸி எக்ஸ்ஆர் 1,799 டாலர், ஆப்பிளின் விஷன் ப்ரோ 3,499 டாலர். அந்தப் பக்கம் பார்த்து ஏங்கி இந்த வருஷத்தையும் ஓட்ட வேண்டாம் என்றேன். 3எஸ் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறான், 128 ஜிபி.

விஆரே தலைசுற்றுமோ என்று பயப்படுகிறவர்கள் வாங்கும் முன் சென்னை மால்களில் இருக்கும் விஆர் கேம் சென்டர் ஒன்றில் காசு கொடுத்துக் கொஞ்ச நேரம் விளையாடிப் பாருங்கள். அங்கே வேறு மாடல் இருக்கலாம், பரவாயில்லை, பார்க்க வேண்டியது உங்கள் தலையைத்தான். பெட்டி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வைஃபையில் போட்டு அப்டேட்டை முடியுங்கள். பிறகு வெள்ளைப் பக்கத்தில் செத்த புள்ளி இருக்கிறதா, இரண்டு ஸ்பீக்கரும் பேசுகின்றனவா, கன்ட்ரோலரின் எல்லாப் பொத்தானும் வேலை செய்கின்றனவா, ஒரு மணி நேரம் ஓடினால் எவ்வளவு சூடாகிறது என்று பாருங்கள். மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்று பில்லில் இருக்கும். அதற்குள் இதையெல்லாம் முடித்துவிடுங்கள், பெட்டியையும் தெர்மாகோலையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.